கோணல் தரையிற் கடைசற்பொறி

கடைதல் நம் நாட்டிற்குப் புதிய தொழிலன்று. தொட்டிற் காலும், குழந்தை நடை பழகும் வண்டியின் உருளையும், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசற்காரர் கைத்திறனே. கட்டை சுழல, உளி தன் இடத்தில் நிற்க, கரடுமுரடான மரம் உருண்டு திரண்டு வடிவு பெறுவதைக் கண்டு வியவாத சிறுவர் இலர். மரத்தைக் கடைந்த அத்தொழில் இரும்பைக் கடையும் அளவிற்கு வளர்ந்தபோது, பட்டறைகளில் 'லேத்து' என வழங்கும் கடைசற்பொறி உருவாயிற்று. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அப்பொறி செய்யும் வேலையைப் பற்றியன்று. அது நிற்கும் நிலையைப் பற்றி. மேடுபள்ளமான தரையில் அதனை எங்ஙனம் உயர்த்தி மட்டஞ் செய்து நிறுத்துவது, நிறுத்தாவிடின் யாது கேடு விளையும் என்பனவே எம் பொருள். இலக்கணம் பயிலும் மாணாக்கர்க்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் நகைக்கலாம். நகைக்கு முன்னர் ஒரு செய்தியைக் கேட்க வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டு விடுதியில் எம் படிப்பறை மேசை ஆடத் தொடங்கிற்று. நான்கு கால்களுள் ஒன்று தரையைத் தொடவில்லை. தாளை மடித்து வைத்தோம், தாள் நைந்தது. ஓட்டுத்துண்டு வைத்தோம், அது நொறுங்கிற்று. இறுதியில் இரும்பில் ஒரு குமிழ் கடைந்து காலடியிற் பொருத்தலாமென்று நகரத்துச் சிறு பட்டறை ஒன்றிற்குச் சென்றோம். அப்பட்டறை சில மாதங்களுக்கு முன்னர்ப் பழைய நெற்கிடங்கு ஒன்றிற்கு இடம் மாறியிருந்தது. ஆங்குக் கடைசல் வேலை செய்பவர் முப்பது ஆண்டுப் பழக்கமுடைய முதியவர். அவர் கடைந்தனுப்பிய பம்புத் தண்டுகள் சில, ஒரு முனை பருத்தும் ஒரு முனை சிறுத்தும் உள்ளனவென்று திரும்பி வந்திருந்தன. முதியவருக்குக் கண் மங்கிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என உரிமையாளர் கருதினார். கெட்ட தண்டுகளின் இரும்பு விலை முதியவரின் கூலியிற் பிடிக்கப்பட்டது. உரிமையாளர் கொடியவரல்லர், திரும்பி வந்த சரக்கினால் அவருக்கும் இழப்பே. ஆயினும் முப்பது ஆண்டு உழைத்த ஒருவர்மீது பழி விழுந்துவிட்டது.

எம் மேசையின் கதையைக் கேட்ட முதியவர், "மேசை ஆடுகிறதென்றால் மேசையையா அடிப்பீர்கள், தம்பிமாரே? தரையைப் பாருங்கள். என் மிசினுக்கும் அதே நோய்தான். ஆனால் மேசை ஆடிக் காட்டிவிடும், இது முறுக்கிக்கொண்டு சும்மா நிற்கும்" என்றார்.

"இதனை முதலாளியிடம் சொல்லவில்லையா, ஐயா?" என்றோம்.

"சொன்னேன். கொத்தனார் மட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. ஆடாத மிசினுக்குத் தரையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்."

அவர் சொன்னது மெய்யா என்று அறியும் விருப்பம் எம்மைப் பற்றிக்கொண்டது. பின்னர் ஒன்றரை மாத காலம் சனிக்கிழமைதோறும் ஆங்குச் சென்று, கண்டும் கேட்டும் கைகொடுத்தும் யாம் கற்றவற்றையே கீழே வரைகின்றோம்.

பொறியின் நேர்மை எங்கே உள்ளது?

18 ஆம் நூற்றாண்டின் இறுதி வரையில் ஐரோப்பாவிலும் கடைசற்காரர் பெரும்பாலும் உளியைக் கையிற் பிடித்தே கடைந்தனர். உருளை நேராக அமைவதும் கோணுவதும் கையின் திறத்தைப் பொறுத்தன. லண்டனிற் பட்டறை நடத்திய ஹென்றி மாட்ஸ்லே (1771–1831) என்பார், 1797 ஆம் ஆண்டை ஒட்டி, உளியை இரும்பு ஊர்தியில் இறுகப் பிணித்து, திருகாணியின் வழியே இரும்புத் தடத்தில் நகரச் செய்யும் கடைசற்பொறியைச் செவ்விதாக்கினார். அன்று முதல் நேர்மை என்னும் பொறுப்பு கையினின்றும் தடத்திற்கு மாறிற்று. தடம் நேராயின் உருளை நேர். தடம் கோணின் எத்துணைத் தேர்ந்த கையும் அக்கோணலையே உருளையிற் படியெடுக்கும்.

இக்காலத்துக் கடைசற்பொறியின் அமைப்பும் இதுவே. 'பெட்டு' என்று பட்டறையார் கூறும் நீண்ட வார்ப்பிரும்புப் படுக்கை ஒன்று உண்டு. அதன் இடப்புறத்தில் தலைப்பகுதி. அதனுள் சுழல்தண்டும், அதன் முனையில் வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கும் உள. வலப்புறத்தில் வாற்பகுதி, நீண்ட பொருளின் மறுமுனையை இது தாங்கும். இவ்விரண்டிற்கும் இடையே, உளியைச் சுமந்த ஊர்தி பெட்டின் தடங்களில் நகரும். ஊர்தி செல்லும் வழி, சுழல்தண்டின் அச்சிற்கு எவ்விடத்தும் ஒரே தொலைவில் இருத்தல் வேண்டும். இஃதொன்றே கடைசற்பொறியின் உயிர்.

முக்காலியும் நாற்காலியும்

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. அடுப்புக் கூட்ட நம் தாய்மார் மூன்று கல் வைப்பதும் இது பற்றியே. கற்கள் சிறிது ஏறத்தாழ இருப்பினும் பானை சாயுமேயன்றி ஆடாது. மூன்று புள்ளிகள் எங்ஙனம் அமைந்தாலும் அவை ஒரு தளத்திற் படியும் என்பது வடிவகணிதம். நான்காவது புள்ளி வந்தவுடன் இவ்வுறுதி போய்விடுகின்றது. நாற்காலியின் நான்காம் கால் தரையைத் தொட வேண்டுமாயின், தரை அதற்கு இணங்கியிருத்தல் வேண்டும். அன்றேல் நாற்காலி ஆடும்.

கடைசற்பொறியும் நாற்காலி இனத்தது. தலைப்பக்கம் இரண்டு அடிகளும் வாற்பக்கம் இரண்டு அடிகளும் உடையது. ஆனால் மரமேசைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேசையின் எடை சிறிது. ஆதலால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கின்றது, கை வைத்தால் ஆடுகின்றது. கடைசற்பொறியோ பலநூறு கிலோகிராம் முதல் ஒரு டன்னுக்கு மேலும் எடையுள்ளது. ஓர் அடிக்குக் கீழே தரை தாழ்ந்திருப்பின், பொறி ஆடாமல், தன் எடையாலேயே அப்பள்ளத்தை நோக்கி வளைந்து கொடுக்கும். அடியைத் தரையோடு போல்ட்டினால் இறுக்கிவிட்டாலோ வளைவு இன்னும் மிகும். ஈரத்துணியின் இரு முனைகளைப் பிடித்துச் சிறிதே பிழிந்தாற்போலப் பெட்டின் ஒரு முனை மறுமுனைக்கு மாறாகத் திரும்புகின்றது. இதனையே முறுக்கு என்கின்றோம். இரும்பு முறுக்கேறுமா என்று ஐயுறுவார் உளர். ஏறும், கண்ணுக்குத் தோன்றாத அளவில் ஏறும். அவ்வளவே கேட்டிற்குப் போதுமானது.

ஒரு தாளின் கனம்

எத்துணை முறுக்கு எத்துணைக் கேட்டை விளைக்கும் என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். பெட்டின் இருமுனை அடிகளுக்கு இடையே நீளம் 1200 மில்லிமீட்டர் என்க. முன்னடிக்கும் பின்னடிக்கும் இடையே அகலம் 250 மில்லிமீட்டர் என்க. பெட்டின் தடத்திலிருந்து சுழல்தண்டின் அச்சு 150 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளதென்க. வாற்பக்கத்து முன்னடி 0.1 மில்லிமீட்டர் மட்டும் தாழ்ந்து, அத்தாழ்வு முழுவதும் பெட்டின் முறுக்காக மாறிற்று என்று கொள்வோம். நாம் எழுதும் தாள் ஒன்றின் கனமும் ஏறத்தாழ இவ்வளவே.

0.1-ஐ 250-ஆல் வகுக்க, வாற்பக்கத்துச் சாய்வு 2500-இல் ஒரு பங்காகின்றது. இது 1200 மில்லிமீட்டர் நீளத்திற்கு உரிய சாய்வு. சக்கிலிருந்து 300 மில்லிமீட்டர் தொலைவில் இதன் காற்பங்கு, அஃதாவது 10,000-இல் ஒரு பங்கு சாய்வு உண்டு. உளி பெட்டிற்கு 150 மில்லிமீட்டர் மேலே நிற்பதால், அச்சினின்றும் அது 0.015 மில்லிமீட்டர் விலகிவிடும். ஆரத்தில் 0.015 விலகின் குறுக்களவில் அது இரட்டித்து 0.03 மில்லிமீட்டராம். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள தண்டு ஒரு முனையில் அவ்வளவு பருத்துவிடும்.

இது பெரும் பிழையோ எனின், வேலைக்குத் தக்கவாறு பெரிதாம். கதவுத் தாழ்ப்பாளுக்கு இது ஒரு பொருட்டன்று. பம்புத் தண்டில் பேரிங்கு பொருந்தும் இடத்திற்கோ பெரும் பிழை. 25 மில்லிமீட்டர்த் தண்டில் அவ்விடத்திற்கு வழக்கமாக விடப்படும் ஏற்றத்தாழ்வு 0.013 மில்லிமீட்டரை ஒட்டியதே. அதனை இது இருமடங்கிற்கு மேல் கடந்து நிற்கின்றது. ஒரு டன் இரும்பின் ஒரு காலடியில் ஒரு தாளின் கனம் குறைந்தமையால், ஒரு தொழிலாளியின் கூலி குறைந்தது என்பது இக்கணக்கின் பொருள்.

கொத்தனார் மட்டம் இதனைக் காட்டாமைக்கும் காரணம் உண்டு. மேலே கூறிய சாய்வு மீட்டர் ஒன்றுக்கு 0.4 மில்லிமீட்டர். சுவரெடுக்கும் மட்டம் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்வையே அரிதிற் காட்டும். அது வீடு கட்டுதற்குப் போதும். பொறி நிறுத்துதற்குப் போதாது. முதலாளியும் பொய் சொல்லவில்லை, முதியவரும் பொய் சொல்லவில்லை. அளக்கும் கருவிதான் வேலைக்கு ஏற்றதாயில்லை.

மட்டமும் முறுக்கும்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பொறி பூமிக்கு மட்டமாக நிற்றல் இன்றியமையாததா? அன்று. கடலிற் செல்லும் பெருங் கப்பல்களின் பட்டறையிலும் கடைசற்பொறி உண்டு. கப்பல் அலையிற் சாய்கின்றது. அதனோடு பொறியும் சாய்கின்றது. ஆயினும் வேலை நடைபெறுகின்றது. பொறி முழுவதும் ஒருங்கே சாய்வதால் குற்றமில்லை. தலைப்பக்கம் ஒருவாறும் வாற்பக்கம் வேறொருவாறும் சாய்வதே குற்றம்.

அற்றேல் ரசமட்டம் எதற்கு எனின், ஒப்பிடுதற்கு என்க. பெட்டின் இரு முனைகளும் ஒன்றற்கொன்று இணங்கியுள்ளனவா என்று அறிய, இரண்டிற்கும் பொதுவான ஒரு சான்று வேண்டும். எவ்விடத்தும் மாறாத சான்றாகப் பூமியின் ஈர்ப்பு அமைந்திருக்கின்றது. அதனைக் கேட்டுச் சொல்லும் தூதுவனே ரசமட்டம். 1661 ஆம் ஆண்டளவில் மெல்கிசேதேக் தெவெனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைக் கண்டார் என்பர். 'ரசம்' என்று பெயர் பெற்றும் அதனுள் இருப்பது பாதரசமன்று. சாராய வகை நீர்மம். கண்ணாடிக் குழாயின் வளைவு எத்துணை மென்மையோ அத்துணை நுட்பமாகக் குமிழி நகரும். பொறி நிறுத்துவோர் கையாளும் நுண்மட்டத்தில் குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வு என்பது பொருள். அத்தகைய மட்டம் ஒன்றை அயற்பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்தோம். தலைப்பக்கத்தில் நடுவில் நின்ற குமிழி, வாற்பக்கத்தில் கோடுகளை எல்லாம் கடந்து ஓரத்திற் போய் ஒட்டிக்கொண்டது. முதியவர் ஒன்றும் பேசவில்லை. உரிமையாளரை அழைத்து வந்து காட்டினார். உரிமையாளர் மட்டத்தை மூன்று முறை எடுத்து வைத்துப் பார்த்தபின், "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

உயர்த்தும் முறை

நெற்கிடங்கின் தரை கழுவுநீர் வடிவதற்காகச் சரிவாக இடப்பட்டது. வடிகாலை அடுத்த மூலையிற் கற்கள் அமிழ்ந்திருந்தன. பொறியின் வாற்பக்கத்து முன்னடி நின்றது அம்மூலையிலேதான். மழை பெய்தால் தரையில் நீர் தேங்குவதும் உண்டு. அன்றியும் பொறி தாழ நின்றமையால் முதியவர் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்தார். சுழல்தண்டின் அச்சு தொழிலாளியின் முழங்கை உயரத்தை ஒட்டியிருத்தல் நன்று என்பது பட்டறை வழக்கு. ஆகவே மட்டஞ் செய்வதோடு 100 மில்லிமீட்டர் உயர்த்துவதென்றும் முடிவாயிற்று.

கிடங்கின் தரை முழுவதையும் பெயர்த்துப் போட வேண்டியதில்லை. பொறி நிற்கும் இடத்தை மட்டும் கெட்டிமண் காணும்வரை தோண்டி, கம்பி கட்டி, தரைக்கு மேல் 100 மில்லிமீட்டர் நிற்குமாறு ஒரே கான்கிரீட்டுப் பீடம் எழுப்பினால் போதும். தலைப்பக்கத்திற்கு ஒன்றும் வாற்பக்கத்திற்கு ஒன்றுமாக இரு பீடங்கள் இடலாகாது. நாளடைவில் ஒன்று மிகுதியாக அமிழின் பழைய முறுக்கே திரும்பும். செங்கல் அடுக்கி நிறுத்துவதும் ஆகாது. மரக்கட்டைகள் மழைக்காலத்திற் பருத்துக் கோடையிற் சுருங்குவதால் அவையும் நிலையான அடிக்கு ஏற்றவையல்ல. மணலின்மேல் கட்டினவனையும் கன்மலையின்மேல் கட்டினவனையும் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். அது கட்டடத் தொழில் அறிந்தவர் சொன்ன உவமை என்பது இப்பீடத்திற்குக் குழி தோண்டியபோதுதான் எமக்கு நன்கு விளங்கிற்று. கான்கிரீட்டு தன் வலிமையைப் பெற 28 நாள் நீர் ஊற்றிக் காத்தல் வழக்கம். அவசரப்பட்டு ஏற்றின் பீடமே வெடிக்கும்.

இனிப் பொறியைத் தூக்குதல். இஃது உயிருக்கும் உறுப்பிற்கும் இடர் தரும் பகுதி. கடைசற்பொறியின் எடை பெரும்பாலும் மேலேயும் தலைப்பக்கத்திலேயும் உள்ளது; ஆதலால் சிறிது சாயினும் கவிழும் இயல்புடையது. முதலில் மின்தொடர்பை அகற்றல் வேண்டும். சக்கைக் கழற்றி எடுத்து, வாற்பகுதியையும் ஊர்தியையும் பெட்டின் வாற்கோடிக்குத் தள்ளிப் பூட்டினால் எடை சிறிது சமனாகும். சுழல்தண்டு, நீண்ட திருகாணி, கைப்பிடிகள் ஆகிய எவற்றையும் பிடித்துத் தூக்கலாகாது. பெட்டும் அதன் கால்களுமே சுமை தாங்குதற்கு உரியவை. ஒரு முனையை ஜாக்கியால் சிறிது உயர்த்தி உடனே அகன்ற கட்டை கொடுத்தல் வேண்டும். பின்னர் மறுமுனையை அவ்வாறே உயர்த்திக் கட்டை கொடுத்தல் வேண்டும். ஒரே முறையில் விரலளவிற்கு மேல் எழுப்புதல் கூடாது. சுமை எப்போதும் கட்டையின்மேல் இருத்தல் வேண்டும். ஜாக்கியை நம்பி ஒரு நொடியும் நிறுத்தி வைத்தலாகாது. கட்டையை வேறொரு கட்டையால் தள்ளி வைக்கலாமேயன்றி விரலைப் பொறிக்குக் கீழே நீட்டுதல் ஒருபோதும் ஆகாது. "இரும்பு விழுந்தால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கொடுக்காது" என்று முதியவர் எமக்கு இதனைப் பலமுறை சொன்னார். ஒருவர் மட்டுமே கட்டளையிட வேண்டும். ஏனையோர் கேட்க வேண்டும். அன்று கட்டளையிட்டவர் அவரே; உரிமையாளரும் கடப்பாரை பிடித்து அவர் சொற்படி நின்றார்.

மட்டஞ் செய்யும் முறை

பீடத்தின்மேல் ஏறிய பொறியின் ஒவ்வோர் அடியின் கீழும் கனத்த இரும்புத் தகடும், அதன்மேல் ஊன்றும் திருகாணிக் காலும் இருத்தல் நன்று. திருகாணி இல்லாத பொறிக்கு மெல்லிய தகடுகளைச் செருகலாம். அவை அடியின் பரப்பு முழுவதும் படிதல் வேண்டும். ஓரத்துப் பிசிறுகளை அரத்தால் நீக்குதல் வேண்டும். பல மெல்லிய தகடுகளை அடுக்கினால் அவை சுருள்வில் போல அழுந்தும். ஆதலின் எண்ணிக்கை குறைவாக இருத்தல் நலம்.

பொறியை அளக்கு முன்னர் ரசமட்டத்தையே சோதித்தல் வேண்டும். மட்டத்தைப் பெட்டின்மேல் வைத்துக் குமிழி நிற்கும் கோட்டைக் குறித்துக்கொள்க. பின்பு அதே இடத்தில் மட்டத்தை முன்பின்னாகத் திருப்பி வைக்க. குமிழி முன்போலவே பொறியின் அதே பக்கத்தில் அதே அளவு நின்றால் மட்டம் மெய்யானது; பக்கம் மாறி நின்றால் பிழை மட்டத்தினுடையது. பிறரை அளக்கும் கருவி முதலிற் தன்னை அளக்கக் கொடுப்பது பெரிதும் போற்றத் தக்கது.

அதன்பின் முறை வருமாறு:

முதலாவது, மட்டத்தைப் பெட்டின் நெடுக்கே வைத்து, நான்கு கால்களையும் திருகி, ஏறத்தாழ மட்டமாக்குக. இதில் மிக நுட்பம் வேண்டா.

இரண்டாவது, தலைப்பக்கத்தில், சக்கிற்கு அருகே, மட்டத்தைப் பெட்டின் குறுக்கே வைத்து, தலைப்பக்கத்து இரு கால்களையும் திருகிக் குமிழியை நடுவிற்குக் கொணர்க. இனி இக்கால்களைத் தொடலாகாது.

மூன்றாவது, மட்டத்தை அங்ஙனமே குறுக்கே வாற்பக்கத்திற்குக் கொண்டு செல்க. வைக்கும் திசை மாறலாகாது. ஆங்குக் குமிழி எப்பக்கம் விலகுகின்றதோ அப்பக்கம் உயர்ந்துள்ளது. வாற்பக்கத்துக் கால்களை மட்டும் சிறிது சிறிதாகத் திருகித் தலைப்பக்கத்துக் கோட்டையே இங்கும் வரச் செய்க.

நான்காவது, மீண்டும் தலைப்பக்கத்திற்குச் சென்று பார்க்க. ஒரு முனையைத் தொட்டால் மறுமுனையும் சிறிது மாறும். இங்ஙனம் மும்முறை நான்முறை போய்வந்த பின்னரே இரு முனைகளும் ஒத்துப்போகும்.

ஐந்தாவது, நான்கு அடிகளும் சுமை தாங்குகின்றனவா என்று பார்க்க. அடிக்கும் தகட்டிற்கும் இடையே மெல்லிய தகட்டுத்துண்டு நுழைதல் கூடாது. மூன்று அடிகள் தாங்க, நான்காவது வெறுமே தொட்டு நிற்பின், வேலையின் அதிர்ச்சியில் மட்டம் கலையும்.

ஆறாவது, போல்ட்டுகளை இறுக்குக. இறுக்கும்போது மட்டம் பெட்டின்மேலேயே இருக்கட்டும். இறுக்குகையில் குமிழி நகர்ந்தால், போல்ட்டு பொறியை வளைக்கின்றது என்பது பொருள். தளர்த்தி, அடியைச் சரிசெய்து, மீண்டும் இறுக்குக. பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்திலேதான்; மட்டஞ் செய்துவிட்டு, இறுக்கி, மீண்டும் பாராமற் போய்விடுகின்றனர்.

இவற்றைச் செய்யும்போது சாளரத்து வெயில் பெட்டின் ஒரு பக்கத்தில் விழாதபடி மறைத்தல் வேண்டும். ஒருபுறம் சூடேறின் இரும்பு அப்புறம் நீண்டு வளையும். நுண்மட்டம் அதனையும் காட்டிவிடும்.

இறுதிச் சோதனை

ரசமட்டம் சொல்வது சான்று. தீர்ப்புச் சொல்வது கடைந்த பொருள். ஆதலால் பட்டறையார் இறுதியில் ஒரு சோதனை செய்கின்றனர். ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள இரும்புத் தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, 200 மில்லிமீட்டர் வெளியே நீட்டி நிறுத்துவர். வாற்பகுதியால் தாங்கலாகாது, ஏனெனில், வாற்பகுதி தன் அச்சினின்றும் விலகியிருப்பினும் தண்டு ஒருபக்கம் பருக்கும். அக்குற்றத்தையும் முறுக்கின் குற்றத்தையும் பிரித்தறிதற்கே வாற்பகுதியை விலக்கிவைக்கின்றனர். தண்டின் நடுப்பகுதியைச் சிறிது தாழக் கடைந்து, சக்கின் அருகே ஒன்றும், 150 மில்லிமீட்டர் தள்ளி முனையில் ஒன்றுமாக இரு வளையங்கள் எஞ்சும்படி செய்வர். பின்னர்க் கூரிய உளியால், மிக மெல்லிய சீவலாக, உளியின் நிலையை மாற்றாமலே இரு வளையங்களையும் ஒரே ஓட்டத்திற் கடைவர். மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளப்பர்.

இரண்டும் ஒத்திருப்பின் முறுக்கு இல்லை. முனையின் வளையம் பருத்திருப்பின், அங்கே உளி அச்சினின்றும் விலகிற்று. அஃதாவது வாற்பக்கத்தில் பெட்டு தொழிலாளி நிற்கும் முன்புறம் நோக்கிச் சாய்ந்துள்ளது. வாற்பக்கத்து முன்னடியை உயர்த்துக. முனையின் வளையம் சிறுத்திருப்பின், அம்முன்னடியைத் தாழ்த்துக. தலைப்பகுதி பெட்டின்மேல் நேராகப் பொருந்தியிருப்பதும், தடங்கள் பெரிதும் தேயாதிருப்பதும் இச்சோதனைக்கு வேண்டும். தேய்ந்த தடத்தைக் கால்களைத் திருகிக் குணமாக்க இயலாது.

பொறியை உயர்த்துவதற்கு முன்னர் முதியவர் இச்சோதனையைச் செய்து வைத்திருந்தார். முனையின் வளையம் பருத்திருந்தது. மட்டஞ் செய்த பின்னர் அதே தண்டை மீண்டும் கடைந்தார். மைக்ரோமீட்டரில் இரண்டு வளையங்களும் ஒன்றாகவே தோன்றின. அதே உளி, அதே கண், அதே கை. மாறியது அடி மட்டுமே. ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மீண்டும் மட்டம் பார்த்தனர், ஒருமுறை அரைக்கோடு மாறியிருந்தது, திருத்தினர். புதுப்பீடம் அமர்வதற்குக் காலம் வேண்டும். ஒருநாள் மட்டஞ் செய்துவிட்டு மறந்துவிடலாகாது.

முடிவுரை

பவணந்தி முனிவர் நன்னூலில், மரத்தின் வளைவை நீக்கும் தச்சர் நூலையும் மனத்தின் வளைவை நீக்கும் கல்வி நூலையும் ஒருங்கு வைத்துப் பேசுகின்றார். அந்நூற்பாவை உரையோடு நெட்டுருச் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கின்றோம். ஆயினும் நூல் பிடிப்பதென்றால் என்ன என்பதை இப்பட்டறையிலேதான் கண்டோம். கோணலைக் கண்டவுடன், கண்ணுக்கு எதிரே நிற்பவன்மீது பழி சுமத்துதல் எளிது. உருளை கோணிற்றா, கடைந்தவன் பிழை. மாணவன் தவறினானா, மாணவன் பிழை. அவன் நின்ற தரை எத்தகையது என்று பார்க்க நுண்ணிய மட்டம் ஒன்று வேண்டும். அதனை இரவல் வாங்கியேனும் கொணர வேண்டும். கொணர்ந்தபின் அம்மட்டத்தையும் திருப்பி வைத்துச் சோதிக்க வேண்டும். இத்தனையும் செய்த பின்னரும் கை பிழைத்தது என்று தோன்றின், அப்போது சொல்லலாம்.

பிடித்த கூலியை அடுத்த சனிக்கிழமை உரிமையாளர் தாமே எண்ணிக் கொடுத்தார். முதியவர் வாங்கி மடியிற் செருகிக்கொண்டார். இருவரும் அதனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எம் மேசைக்குரிய குமிழையும் அன்றே கடைந்து கொடுத்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை; வற்புறுத்திக் கொடுத்து வந்தோம். இக்கட்டுரையை எழுதியது அம்மேசையின் மேலேதான். அது இப்போது ஆடுவதில்லை.